ஐவர் நிற்கும் புகைப்படம்

பெங்களூருவின் ஓர் அரங்கில், எண்பதுகளின் பாப் பாடல்கள் மட்டுமே இசைக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டிருந்த நிகழ்ச்சி ஒன்றுக்கு, ஒரு சனிக்கிழமை மாலை ஐந்து பெண்கள் ஒன்றாகச் சென்றனர். ஐவரும் ஐம்பதைக் கடந்தவர்கள். 1986 இல் கோலார் தங்கவயலில் ஓர் ஆங்கில வழிப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பின் ஒரே பிரிவில் படித்தவர்கள். ஒருவர் இன்று சென்னையில் வரலாற்றுப் பேராசிரியை. ஒருவர் பெங்களூருவில் வங்கி அதிகாரி. மூன்றாமவர் ஒயிட்ஃபீல்டில் மென்பொருள் நிறுவனம் ஒன்றின் மேலாளர். நான்காமவர் கனடாவில் குடியேறியவர். அவர் விடுமுறையில் வந்திருந்ததை ஒட்டியே இந்தச் சந்திப்பு ஏற்பாடாயிற்று. ஐந்தாமவர் செவிலியர். ஐவருள் இன்றும் தங்கவயலிலேயே வசிப்பவர் அவர் ஒருவர்தாம். விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, பெங்களூருவில் ஒரு தனியார் மருத்துவமனையில் பணிபுரிந்துவிட்டு, இரவு வீடு திரும்புவது அவருடைய அன்றாடம்.

அவர்களுக்கென ஒரு வாட்ஸாப் குழு உண்டு. சில மாதங்களுக்கு முன் பேராசிரியை அதில் ஒரு பழைய புகைப்படத்தை இட்டார். பள்ளி ஆண்டுவிழா முடிந்தபின் மேடையின் ஓரத்தில் எடுக்கப்பட்ட கருப்பு வெள்ளைப் படம். ஐந்து சிறுமியர் தோளில் கைபோட்டு நிற்கின்றனர். அதன்கீழ் அவர், ‘நாம் ஐவரும் ஆடிய நாள்’ என்று எழுதியிருந்தார். இருவர் இதயக் குறிகளை அள்ளி வீசினர். வங்கி அதிகாரி பதில் எதுவும் எழுதவில்லை. செவிலியர் ஒரு பூவின் படத்தை மட்டும் இட்டார். இசை நிகழ்ச்சிக்குப் போகலாம் என்ற எண்ணம் அந்தப் புகைப்படத்திலிருந்துதான் பிறந்தது.

தங்கவயலை அறியாதவர்களுக்கு அந்த ஊரைப் பற்றிச் சில சொற்கள் தேவை. ஆங்கிலேய நிறுவனமான ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே பெரிய அளவில் சுரங்கங்களைத் தோண்டத் தொடங்கியது. சிவனசமுத்திரத்தில் காவிரி நீரிலிருந்து எடுக்கப்பட்ட மின்சாரம் 1902 இல் அந்தச் சுரங்கங்களுக்கு வந்தது. பெங்களூரு நகரத்துக்கு மின்விளக்கு வந்ததோ 1905 இல்தான். மன்னரின் அரசுக்கு நகரத்தின் தெருக்களைவிடத் தங்கம் எடுக்கும் இயந்திரங்கள் முதன்மையானவையாக இருந்தன. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழான ஆழம் வரை சென்றது. அந்த ஆழத்துக்குள் இறங்கியவர்களுள் பெரும்பாலோர் வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து வந்த தலித் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். மேலே பூந்தோட்டத்துடன் கூடிய மாளிகைகள், மனமகிழ் மன்றம், நடன அரங்கு. சற்றுத் தள்ளி வரிசை வரிசையாக லைன் வீடுகள். இரண்டுக்கும் நடுவே சயனைடு கலந்த மண் மலைபோல் குவிந்து கிடந்தது. 1956 இல் சுரங்கங்கள் அரசுடைமையாயின. 1972 இல் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட் உருவாயிற்று. 2001 பிப்ரவரி 28 அன்று எல்லாம் மூடப்பட்டது. அதன்பிறகு அந்த ஊரின் வேலை ரயிலில் ஏறிப் பெங்களூருவுக்குப் போய்வரத் தொடங்கியது.

எண்பதுகளில் இந்தப் படிநிலை இன்னும் உயிரோடு இருந்தது. ஆங்கிலேயர் போயிருந்தாலும் அதிகாரிகளின் குடியிருப்புகள் இருந்தன. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல இருந்தன. கிறிஸ்துமஸ் காலத்தில் நடன இசை அந்த வீடுகளிலிருந்து வழிந்து லைன்கள் வரை கேட்கும். பள்ளியில் ஐவரும் ஒரே பெஞ்சில் அமர்ந்தனர். பள்ளி விட்டதும் மூவர் குடியிருப்புப் பக்கம் போவர். இன்றைய பேராசிரியை ராபர்ட்சன்பேட்டையின் கடைத்தெருவுக்குப் போவார். அவருடைய தந்தைக்கு அங்கே மளிகைக் கடை. இன்றைய செவிலியர் லைன் வீட்டுக்குப் போவார். அவருடைய தந்தை சுரங்கத்துக்குள் இறங்கியவர்.

அந்த ஆண்டுவிழாவில் ஆடப்பட்ட பாடல், நாஜியா ஹசன் பாடிய ‘டிஸ்கோ தீவானே’ தொகுப்பின் தலைப்புப் பாடல். அந்தத் தொகுப்பு வெளிவந்தது 1981 இல். கராச்சியில் பிறந்த நாஜியா ஹசன் அதற்கு முந்தைய ஆண்டு ‘குர்பானி’ திரைப்படத்தில் பாடியபோது அவருக்கு வயது பதினைந்து. இரண்டுக்கும் இசையமைத்த பித்து, பெங்களூருவில் பிறந்து, அங்கே இசைக்குழு நடத்தி, அறுபதுகளில் இங்கிலாந்துக்குப் போனவர். 1974 இல் கார்ல் டக்ளஸ் பாடி உலகெங்கும் விற்ற ‘குங் ஃபூ ஃபைட்டிங்’ பாடலைத் தயாரித்தவரும் அவரே. பெங்களூருக்காரர் ஒருவர் இலண்டனில் உருவாக்கிய இசை, பாகிஸ்தானியச் சிறுமி ஒருத்தியின் குரலில், இந்திச் சொற்களோடு, தமிழ் பேசும் சுரங்க ஊருக்கு வந்து சேர்ந்தது. வந்து சேர்த்தது கேசட்.

கேசட்டின் வரவு இந்திய இசையைக் கேட்கும் முறையையே மாற்றியதைப் பீட்டர் மானுவல் 1993 இல் வெளியான ‘கேசட் கல்ச்சர்’ என்ற நூலில் வட இந்தியாவை முன்வைத்து விரிவாக ஆராய்ந்திருக்கிறார். இசைத்தட்டு வாங்கவும் அதற்கான கருவி வாங்கவும் வசதியற்றிருந்த வீடுகளுக்குள் முதன்முறையாகத் தாம் விரும்பிய பாட்டு, விரும்பிய நேரத்தில் நுழைந்தது. தங்கவயலும் அதற்கு விலக்கன்று. வெற்றுக் கேசட்டையும் ஒரு தாளில் எழுதிய பாடல் பட்டியலையும் ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்தால் நான்கைந்து நாள்களில் பதிந்து தருவார்கள். ஒரு பக்கம் இந்தி டிஸ்கோ, மறுபக்கம் இளையராஜா என்று பதிந்து வாங்குவோர் பலர். நாடா சிக்கிக்கொண்டால் பென்சிலைச் செருகிச் சுற்றுவதும், அறுந்தால் ஒட்டுநாடாவால் இணைப்பதும் அன்றைய பிள்ளைகள் அனைவரும் அறிந்த கைவேலை. ஐவருள் அதில் கைதேர்ந்தவர் செவிலியர். அவருடைய வீட்டில் டேப் ரிக்கார்டர் இல்லை. பக்கத்து வீட்டு அண்ணனின் டூ இன் ஒன் கருவியில் பழகிய கை அது.

நிகழ்ச்சிக்கான நுழைவுச்சீட்டை வங்கி அதிகாரிதான் ஐவருக்கும் சேர்த்து எடுத்திருந்தார். செவிலியர் தம் பங்கைக் கேட்டபோது, “எங்க பிராஞ்சுக்கு வந்த பாஸ் டி, காசெல்லாம் ஒண்ணும் இல்ல” என்றார். அரங்கின் வாயிலில் ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் நீலநிறக் காகிதப் பட்டை கட்டப்பட்டது. அருகில் நின்ற பலகையில் எந்த நிறத்துக்கு என்ன விலை என்று எழுதியிருந்தது. நீலத்துக்கு 2,500 ரூபாய். செவிலியர் அதைப் படித்துவிட்டு எதுவும் சொல்லாமல் உள்ளே போனார்.

அரங்கு நிறைந்திருந்தது. வந்திருந்தவர்களுள் பெரும்பாலோர் இவர்கள் வயதினர். மேடையின் பின்திரையில் ஒரு பெரிய கேசட் சுழன்றுகொண்டிருந்தது. பாடியவர்களோ முப்பது வயதைத் தாண்டாதவர்கள். பாடல்கள் வெளியானபோது பிறந்திராதவர்கள். போனி எம் குழுவின் பாட்டு வந்தது. ஆபாவின் பாட்டு வந்தது. மைக்கேல் ஜாக்சன் வந்தார். பப்பி லாஹிரியின் இந்தி டிஸ்கோ வந்தது. எண்பதுகள் என்று பெயரிட்ட மாலையில் பாதிப் பாடல்கள் எழுபதுகளின் பிற்பகுதியைச் சேர்ந்தவை என்று பேராசிரியை வேடிக்கையாகச் சொன்னார். “நமக்கு வந்து சேந்தது எண்பதுலதானே” என்றார் மேலாளர். இருவர் சொன்னதும் உண்மை. ஒரு பாட்டின் ஆண்டை அது வெளியான நாளை வைத்து யாரும் நினைவில் கொள்வதில்லை. தம் வீட்டில் அது முதலில் ஒலித்த நாளே அதன் ஆண்டாகிவிடுகிறது. பதின்பருவத்திலும் இளமையிலும் நிகழ்ந்தவை பிற்காலத்தில் மிகுதியாகவும் தெளிவாகவும் நினைவுக்கு வருகின்றன என்று உளவியலாளர் கூறுவர். இத்தகைய நிகழ்ச்சிகளின் வணிகம் அந்த இயல்பின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது.

இடைவேளைக்குச் சற்று முன் நாஜியா ஹசனின் பாடல் தொடங்கியது. 2000 ஆம் ஆண்டில் முப்பத்தைந்தாம் வயதில் புற்றுநோயால் இறந்துபோனவருடைய பாட்டை இளம்பெண் ஒருத்தி பாடினாள். முதல் தாளம் ஒலித்ததும் கனடாவிலிருந்து வந்தவர் எழுந்துவிட்டார். “நம்ம பாட்டு! எல்லாரும் எந்திரிங்க” என்று நால்வரையும் இழுத்தார். இருக்கைகளுக்கும் தடுப்புக் கம்பிக்கும் இடையே கிடைத்த சிறு இடத்தில் ஐவரும் நின்றனர். ஆட்டம் தொடங்கியது. முதல் சில அடிகளுக்குப் பின் கனடாக்காரர் கையைக் காற்றில் வீசிக்கொண்டிருந்தார். மேலாளர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்துப் பார்த்து ஆடினார். பேராசிரியைக்குச் சிரிப்பு அடங்கவில்லை. செவிலியர் மட்டும் ஓர் அடியும் பிசகாமல் ஆடினார். எந்த இடத்தில் இடப்பக்கம் திரும்புவது, எங்கே குனிந்து கைதட்டுவது, இசை மட்டும் ஒலிக்கும் இடைப்பகுதியில் எந்த எண்ணிக்கையில் இடம் மாறுவது எல்லாம் அவர் உடம்பில் இருந்தன. மற்றவர் தடுமாறும்போது அவர்கள் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கண்ணால் காட்டவும் செய்தார். பின்வரிசைக்காரர்கள் கைதட்டினர். வங்கி அதிகாரி ஆட்டத்தின் நடுவிலேயே நின்றுவிட்டிருந்தார்.

பாட்டு முடிந்தது. மூச்சு வாங்கியபடி கனடாக்காரர் செவிலியரைக் கட்டிக்கொண்டார்.

“பாத்தியா, நீ ஒண்ணுமே மறக்கல! அன்னிக்கு மேடையிலயும் நீதான் டி நல்லா ஆடின.”

“மேடையில நான் ஆடல” என்றார் செவிலியர்.

“என்னது?”

“நான் திரைக்குப் பின்னால இருந்தேன். டேப் போட்டது நான்.”

“சும்மா இரு. போட்டோல நீ இருக்கியே” என்றார் மேலாளர்.

“போட்டோ எடுக்கும்போது மிஸ் கூப்பிட்டாங்க. என் டிரஸ்ஸப் பாரு.”

பேராசிரியை கைப்பேசியில் படத்தைத் திறந்து இரு விரலால் பெரிதாக்கினார். வலக்கோடியில் நிற்கும் சிறுமி மற்றவர்களைப் போலவேதான் சிரித்துக்கொண்டிருந்தாள். நால்வர் அணிந்திருந்த சாட்டின் துணி விளக்கொளியில் பளபளத்தது. ஐந்தாமவள் பள்ளிச் சீருடையில் நின்றாள். படத்தை ஸ்கேன் செய்தவரும், குழுவில் இட்டவரும், அதன்கீழ் அந்த வரியை எழுதியவரும் பேராசிரியைதாம். சீருடை அவர் கண்ணில் பட்டிருக்கவில்லை.

இடைவேளையில் ஐவரும் உணவுக் கடைகளுக்கு அருகே ஒரு மேசையைச் சுற்றி நின்றனர். செவிலியர் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். குரல் உயரவில்லை, நோயாளியின் உறவினருக்கு நிலைமையை விளக்கும் குரல் அது.

ஆட்டத்துக்கு முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட நால்வரில் அவர் ஒருவர். மூன்று வாரம் ஒத்திகையிலும் ஆடினார். பின் எல்லாரும் வெள்ளிநிறச் சாட்டினில் ஒரே மாதிரி உடை தைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசிரியை சொன்னார். துணியும் தையல் கூலியுமாக 85 ரூபாய். வெள்ளிக்கிழமைக்குள் துணியைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். அவருடைய தந்தை அப்போது நான்கு மாதமாக நெஞ்சுச் சளியும் மூச்சிரைப்புமாகப் படுத்திருந்தார். பாறைத்தூளை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தவர்களுக்கு வரும் நோய் அது. லைனில் வீட்டுக்கு வீடு அறிந்த நோய். வெள்ளிக்கிழமை அவர் துணி கொண்டுவரவில்லை. ஆசிரியை திட்டவில்லை. “நீ பொறுப்பான பொண்ணு, டேப்ப நீ பாத்துக்கோ” என்றார். அவருடைய இடத்துக்கு வேறொரு மாணவி வந்தாள். திங்கட்கிழமை காலை அம்மா எங்கோ கடன் வாங்கித் துணியை எடுத்துவந்து கொடுத்தார். அதற்குள் இடம் போய்விட்டிருந்தது. அந்தத் துணி இரண்டு ஆண்டு டிரங்குப் பெட்டியில் கிடந்து, பின்னர் தங்கைக்குப் பாவாடையாயிற்று.

“இத ஏன் டி இத்தன வருஷமா சொல்லல?” என்று கேட்டார் கனடாக்காரர்.

“யாரும் கேக்கல. எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சேன். போட்டோ போட்டப்பதான் தெரிஞ்சுது, உங்க யாருக்கும் ஞாபகம் இல்லன்னு.”

மேலாளர் நெடுநேரம் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “நாங்க உன்ன விட்டுட்டோம்னே நெனச்சதில்ல. எங்க ஞாபகத்துல நீ எங்க கூடத்தான் ஆடுற. அது நல்லதுதானே?”

“உங்களுக்கு நல்லது” என்றார் செவிலியர்.

அதில் கசப்பு இல்லை என்று கேட்டவர்கள் பின்னர் கூறினர். ஆயினும் அதற்குப் பதில் சொல்ல யாராலும் இயலவில்லை. இரண்டாம் பகுதிக்கு மணி அடித்தபோது ஐவரும் உள்ளே சென்று அமர்ந்தனர். மீண்டும் யாரும் எழுந்து ஆடவில்லை.

அன்றிரவு அனைவரும் ஒயிட்ஃபீல்டில் மேலாளரின் வீட்டில் தங்கினர். பேராசிரியைக்கு உறக்கம் வரவில்லை. வாய்மொழி வரலாறு அவருடைய பாடங்களுள் ஒன்று. இத்தாலிய ஆய்வாளர் அலெசாண்ட்ரோ போர்தெல்லியின் புகழ்பெற்ற கட்டுரை ஒன்றை அவர் ஆண்டுதோறும் மாணவர்களுக்கு நடத்திவருகிறார். தேர்னி என்ற எஃகு நகரத்தில் லூயிஜி திரஸ்துல்லி என்ற இளம் தொழிலாளி 1949 இல், இத்தாலி நேட்டோவில் சேர்வதை எதிர்த்த போராட்டத்தின்போது காவலர்களால் கொல்லப்பட்டார். போர்தெல்லி பேட்டி கண்ட தொழிலாளர் பலரோ அந்த மரணம் 1953 இல், ஆலையில் பெருந்திரளாக ஆட்குறைப்பு நடந்தபோது நிகழ்ந்ததாகவே கூறினர். அது வெறும் மறதியன்று, இறந்தவரின் சாவுக்குத் தகுந்த பொருள் கொடுக்கவும் தங்கள் தன்மதிப்பைக் காத்துக்கொள்ளவும் அந்தச் சமூகம் செய்துகொண்ட மாற்றம் என்பது போர்தெல்லியின் வாதம். பிழையான நினைவும் ஆய்வாளருக்குச் சான்றே என்பதை மாணவர்க்கு உணர்த்த அதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை.

அந்தப் பாடத்தில் தாம் ஒருமுறையும் எழுப்பாத கேள்வி ஒன்று இருப்பதை அவர் அன்றிரவு உணர்ந்தார்: நினைவைத் திருத்தியவர் யார்? தேர்னியில் திருத்தியவர்கள் தோற்றவர்கள். வேலையையும் தோழரையும் இழந்தவர்கள். தங்கவயலின் கதையில் திருத்தியவர்கள் மேடையில் நின்றவர்கள். அவர்கள் கள்ளமாகத் திருத்தவும் இல்லை. தோழியின்மேல் கொண்ட அன்பே அவளை மேடைக்கு ஏற்றிவிட்டது. ஆனால் அவள் மேடையேறிய அந்தக் கணத்தில் 85 ரூபாயும், வெள்ளிக்கிழமையும், படுத்திருந்த தந்தையும், திங்கட்கிழமை வந்து சேர்ந்த துணியும் கதையிலிருந்து வெளியேறின. புகைப்படம் பொய் சொல்லியிருக்கவில்லை. ஐவர் நின்றது உண்மை. சீருடையும் கண்ணெதிரே இருந்தது. முப்பது ஆண்டு ஆவணங்களைப் படித்துப் பழகிய கண், தம் சொந்தப் படத்தில் அதைக் கடந்து போயிருந்தது.

‘நோஸ்டால்ஜியா’ என்ற சொல்லை 1688 இல் ஜொஹான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் பாசல் நகரில் தம் ஆய்வேட்டுக்காக உருவாக்கினார். ஊரைப் பிரிந்து வாழும் சுவிட்சர்லாந்துக்காரர்களை வாட்டிய நோய்க்கு அவர் இட்ட பெயர் அது. கிரேக்க மொழியில் வீடு திரும்புதலையும் வலியையும் குறிக்கும் இரு சொற்களின் கூட்டு. இடத்துக்கான ஏக்கமாகத் தொடங்கியது பிற்காலத்தில் காலத்துக்கான ஏக்கமாகப் பொருள் மாறிற்று. ஊரைவிட்டுப் போன நால்வருக்கும் தங்கவயல் அவ்வாறே ஒரு காலமாகிவிட்டது. மூடிய சுரங்கத்தின் இரும்புக் கோபுரமும், கிறிஸ்துமஸ் இசையும், வேலைமாற்றத்துக்கு ஊதும் சங்கும் அவர்களுக்கு ஒரே பாட்டின் பகுதிகள். செவிலியருக்கு அந்த ஊர் நாள்தோறும் விடிகாலையில் பூட்டிவிட்டு வரும் வீடு. அந்தச் சயனைடு மேடுகளின் தூசு இன்றும் காற்றடிக்கும்போது அவர் வீட்டுக்குள் வருகிறது. திரும்பிப் போக முடியாத ஊருக்காக ஏங்குவது போய்விட்டவர்களுக்கே கிடைக்கும் வாய்ப்பு.

அதிகாலையில் செவிலியர் ரயில் பிடிக்கக் கிளம்பினார். ஒயிட்ஃபீல்டு நிலையத்தில் நின்று பங்காரப்பேட்டை வழியாக மாரிக்குப்பம் போகும் வண்டி அது. வங்கி அதிகாரி காரில் கொண்டுபோய் விட்டார். வழியில் நெடுநேரம் இருவரும் பேசவில்லை. நிலைய வாசலில் வண்டியை நிறுத்தியபின் அவர் சொன்னார்:

“எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு.”

“தெரியும்.”

“உன் எடத்துக்கு வந்தது நான்தான். சனி ஞாயிறு ரெண்டு நாளும் உங்க வீட்டு வாசல்ல வெச்சு நீதான் எனக்கு ஸ்டெப் சொல்லிக் குடுத்த. உள்ள உங்கப்பா இருமிட்டே இருந்தாரு. உங்கம்மா எனக்குக் காப்பி குடுத்தாங்க. நான் குடிச்சேன்.”

“ஆமா. நீ சீக்கிரம் கத்துக்கிட்ட.”

“நேத்து நீ சொல்லும்போது என் பேரச் சொல்லல.”

“நீயா சொல்லுவேன்னு பாத்தேன்.”

ரயில் வரும் அறிவிப்பு கேட்டது. செவிலியர் இறங்கிப் போனார். வங்கி அதிகாரி வண்டியிலேயே அமர்ந்திருந்தார். அவர் இத்தனை ஆண்டு மறக்க முயன்றது ஓர் ஆட்டத்தையன்று, ஒரு குவளைக் காப்பியை. பாஸ் என்று பொய் சொல்லி எடுத்துக் கொடுத்த சீட்டு அந்தக் காப்பிக்கான கடனாக இருந்திருக்கலாம். ஆனால் அதையும் அவர் செவிலியரைக் கேளாமலேயே செய்திருந்தார். யார் ஆடுவது என்பதைப் போலவே, யாரால் எதைக் கொடுக்க இயலும் என்பதும் மற்றவர்களால் தீர்மானிக்கப்பட்டிருந்தது.

ரயில் மாலூரைத் தாண்டியபோது வங்கி அதிகாரியின் கைப்பேசியில் 2,500 ரூபாய் வந்து விழுந்தது. குறிப்பில் ‘நீலப் பட்டை’ என்றிருந்தது. பணத்தைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று முதலில் தோன்றியது. பிறகு அவர் அவ்வாறு செய்யவில்லை. ‘வந்துவிட்டது’ என்று மட்டும் பதில் எழுதினார். செவிலியரின் ஒரு மாதச் சம்பளத்தில் அந்தத் தொகை சிறியதன்று என்பது அவருக்குத் தெரியும். அதை வாங்கிக்கொள்வது கடினமாக இருந்தது. அந்தக் கடினம் தமக்கு உரியது என்றும் அவருக்குத் தோன்றியது.

மதியம் பேராசிரியை வாட்ஸாப் குழுவில் அந்தப் புகைப்படத்தை மறுபடியும் இட்டார். இம்முறை ஆவணக் காப்பகத்தில் படங்களுக்கு எழுதுவதைப்போல் இடமிருந்து வலமாக ஐவரின் பெயரையும் எழுதி, இவ்வாறு சேர்த்திருந்தார்: ‘பள்ளி ஆண்டுவிழா, 1986. ஆடியவர்கள் நால்வர். வலக்கோடியில் சீருடையில் நிற்பவர் டேப் ரிக்கார்டரை இயக்கியவர்.’

கனடாக்காரர் அழும் முகக்குறி ஒன்றை இட்டார். மேலாளர் பார்த்ததற்கான அடையாளம் தெரிந்தது, பதில் வரவில்லை. ஒரு மணி நேரம் கழித்து வங்கி அதிகாரி எழுதினார்: ‘இதையும் சேர்க்கவும். துணி வாங்க முடியாததால் அவருடைய இடம் எனக்குக் கொடுக்கப்பட்டது. இரண்டு நாளில் எனக்கு ஆடக் கற்றுக்கொடுத்தவரும் அவரே.’

பேராசிரியை அவ்வாறே சேர்த்து மூன்றாம் முறை இட்டார். செவிலியரிடமிருந்து மாலைவரை ஒன்றும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவருக்குத் துணி துவைக்கும் நாள். விளக்கேற்றும் நேரத்தில் அவருடைய செய்தி வந்தது. இம்முறை பூ இல்லை.

‘மூன்று வாரம் ஒத்திகையில் நானும் ஆடினேன். அதையும் எழுது.’